சனிக்கிழமை விட்டுவந்த சப்பாத்து

பளபளப்பைப் பார்த்துச் சப்பாத்து வாங்குகிறவனைப் போல் ஒரு மடையன் கிடையாது. சப்பாத்தை உதைத்துப் பார்த்து வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன். ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில், என் உயிரே அந்த ஒரு ஜோடிச் சப்பாத்தை நம்பித்தான் இருந்தது. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சயாமுக்கு ஆள் பிடிக்கப் பெயர் எழுதுவதை அவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, மூன்று பேர். சண்டைக்கு முன்னால் நான் ஒரு தோட்ட ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிறவன். ஜப்பான்காரன் வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டான், அதோடு என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். அலோர் காஜா, ஜாசின், தம்பின் என்று நாள் முழுக்க ஓட்டம். கூலி என்று கொடுத்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் கையில் கட்டிக்கொள்ள முத்திரை குத்திய ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டை கையில் இருக்கும் வரை ஒருவனும் என்னை லாரியில் ஏற்ற முடியாது. பட்டை இல்லாதவனை எந்த நேரமும் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பலாம். மூன்று மாசம், நல்ல அரிசி, நல்ல சம்பளம் என்று தேன் ஒழுகச் சொல்வார்கள். முதல் லாரியில் போனவன் ஒருத்தன்கூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

ஒருநாள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவரும் நம் ஆள்தான். அதனால்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

"இனிமே மோட்டார் சைக்கிள் ஓட்டுறவன் எல்லாம் சப்பாத்து போட்டுக்கிட்டுத்தான் வரணும். வெறுங்கால், செருப்பு, ஒன்னும் ஆவாது. ஒரு வாரம் டைம். இல்லாதவன் பட்டையைக் கழட்டி மேசையில வச்சிட்டுப் போயிடலாம்."

"ஆபீஸ்ல குடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆமா, உன் கல்யாணத்துக்குச் சீர் குடுக்கிறாங்க. போய்யா."

விஷயம் என்னவென்றால், பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த ஒரு நாற்றம் பிடித்த எண்ணெயைத்தான் ஊற்றினோம். முப்பது தடவை உதைத்தாலும் இன்ஜின் எழுந்திருக்காது, எழுந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். எங்களில் ஒருவனுக்கு அப்படித்தான் பாதம் உடைந்தது. ஒரு கடிதம் அன்றைக்குத் தாமதமாகப் போனது. அவர்களுக்குக் கடிதம் தாமதமானதுதான் வருத்தம். உடைந்த காலைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிகள்.

சப்பாத்துக்கு நான் எங்கே போவேன்? மரவள்ளிக்கிழங்கைத் தின்று மரவள்ளிக்கிழங்கை ஏப்பம் விடுகிற காலம். கடைசியில் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் போனேன், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். முன்பு குடையும் தோல் பையும் விற்றவர். இப்போது வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டு ஓடின சாமான்களைக் கிடைத்த வழியிலெல்லாம் வாங்கி வைத்திருந்தார். இரண்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு, முழங்கால் வரை உயரம், முகம் பார்க்கலாம். இன்னொன்று பழுப்பு, பார்க்கச் சகிக்காது, மூக்கு அகலமாகத் தவளை மாதிரி இருந்தது.

கறுப்பைத்தான் முதலில் போட்டேன். ஆசை யாரை விட்டது? கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நாலு தடவை நடந்ததுமே சுண்டுவிரல் கதறியது. குதிகாலில் அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு மழைக்கு ஊறிப்போகும். பழுப்பைப் போட்டேன். விரல் ஐந்தும் உள்ளே விரித்துக்கொண்டு உட்கார்ந்தன. கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை தோல் ஏறியிருந்தது, சூடான புகைக்குழாய் சுடாது. நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்தது, தண்ணீர் இறங்காது. அடித்தோல் இரட்டை. கடைத் தூணை ஓங்கி ஒரு உதை விட்டேன். தூண் அதிர்ந்தது, என் கால் அதிரவில்லை.

"தம்பி, கடையை இடிச்சுடாதே," என்றார் நானா. "இது உன் ஆயுசுக்கும் உழைக்கும். அதுக்கு மேலயும் உழைக்கும்."

சரி, பதிலுக்கு என்ன கொடுப்பது? என் வீட்டில் பெறுமானம் உள்ள சாமான் ஒன்றே ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை, என் மைத்துனனுடைய சைக்கிள். டயர் கிடைக்காமல் ரப்பர்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். புக்கிட் ரம்பாயிலிருந்து கிழங்கு மூட்டையை அதில் ஏற்றிவந்து சந்தையில் போடுவது அவன் பிழைப்பு. இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, வாயைத் திறந்தால் கேலிதான். நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவனே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நானா கடை வாசலில் சாத்தினான்.

"எடுத்துக்குங்க மாமா. எனக்கு ரெண்டு கால் இருக்கு. உங்க பட்டை போச்சுன்னா அக்கா எங்க போவும்?"

அன்றிலிருந்து கிழங்கைத் தலையில் சுமந்தான். என் சப்பாத்தைப் பார்த்தால் மட்டும் கும்பிடுவான். "மாமா, சைக்கிளார் சௌக்கியமா? அவருக்கும் ஒரு தட்டுல கிழங்கு வைக்கச் சொல்லவா?" என்பான். அந்தச் சப்பாத்து என் காலில் ஏறியதிலிருந்து கிக்கர் எத்தனை தடவை திருப்பி உதைத்தது என்று கணக்கில்லை. ஒரு கீறல் கிடையாது.

ஆனால் சப்பாத்து காலைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. அந்த மாதத்தில் தம்பின் சாலையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ஜப்பான் காவல்காரனுக்குச் சரியாகக் குனிந்து வணக்கம் சொல்லவில்லை என்று கன்னத்தில் வாங்கினேன். வீங்கின முகத்தோடு வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? கோவிலில் யாரோ ஒரு மகராசி அவளிடம், உன் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி, இப்போதுதான் தொடங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

ஞாயிறு வேலை இல்லை, சப்பாத்தைத் தேடவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவைத்த காலம், வேலைக்குப் புறப்படும்போது இன்னும் சரியாக விடிந்திருக்காது. கதவோரம் கையை விட்டுத் துழாவினேன். சப்பாத்து இல்லை. விளக்கை எடுத்துத் தேடினேன். இல்லை. என் மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கடி?"

"சனிக்கிழமை பிள்ளையார் கோவில் வாசல்ல விட்டுட்டு வந்துட்டேன். திரும்பிப் பார்க்காம வந்துட்டேங்க."

நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். கோவில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி அதோடு போய்விடும், எடுத்தவன் தலையில் ஏறிக்கொள்ளும். தொலையாவிட்டால் நாமே தொலைத்துவிட்டு வருவது. அதற்கு என் சப்பாத்தா கிடைத்தது?

"பழைய செருப்பு எதையாவது கொண்டுபோய் வச்சிருக்கக் கூடாதா!"

"உங்களுக்கு ஏதுங்க வேற செருப்பு?" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "தலைக்கு வந்தது காலோட போகட்டும்னு நெனச்சேன். சப்பாத்து போனா வேற வாங்கிக்கலாம். நீங்க போனா நான் எங்க போய் வாங்குவேன்?"

"சப்பாத்து போனாலே நான் போனேன்டி! என் உயிரைக் கொண்டுபோய் வாசல்ல வச்சிட்டு வந்திருக்கே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பக்கத்து வீட்டில், வீட்டுக்குள்ளும் மலாயே பேசுகிற மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மா எட்டிப் பார்த்து மலாயில் என்னவோ கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு கத்து. பிறகு வெறுங்காலோடு ஓடினேன்.

கோவில் வாசல் பெருக்கி வைத்தாற்போல் இருந்தது. ஊசி அளவு தோல் கிடைத்தாலும் கொத்திக்கொண்டு போகிற காலத்தில் சப்பாத்து இரண்டு நாள் இருக்குமா? படியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டையைக் கழற்றி மேசையில் வைக்கும்போது கிராணியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"தம்பி! இங்க வா," என்று யாரோ கூப்பிட்டார்கள். நானா. கடையைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே போய், என் சப்பாத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் பள்ளில மஃரிப் தொழுதுட்டு வர்றேன், நம்ம சப்பாத்து அனாதையா கெடக்குது. உங்க ஆளுங்க எல்லாரும் பாம்பைப் பார்த்த மாதிரி சுத்திக்கிட்டுப் போறாங்க, ஒருத்தன் தொடலே. எனக்கு என்னப்பா சனி? எடுத்து வச்சேன். கோவிச்சுக்காதே, உன் சம்சாரம் பயந்து செஞ்சிருக்கும்."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அங்கேயே சப்பாத்தைப் போட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். நேரத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் என் காலில் சப்பாத்தைப் பார்த்ததும் என் மனைவி மடேரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"விட்டதைத் திரும்ப எடுத்தா ரெட்டிப்பா வரும்ங்க. இந்த வீட்டை விட்டுப் போகாது."

"வரட்டும், ஒரு உதை விடறேன்," என்றேன். அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்று வாரம் கழித்துக் காஜா பெராங்கில் வீடு வீடாக ஆள் எழுதினார்கள். எழுத வந்தது எங்கள் ஆபீசுக் கிராணியேதான். நான் கைப்பட்டையோடு நின்றேன். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் மைத்துனனைக் கேட்டார்.

"என்ன வேலை?"

"கெழங்கு விக்கிறேன் ஐயா."

"எதுல ஏத்திக்கிட்டு வர்றே?"

"தலையிலதான்."

"சைக்கிள் இருந்தாத்தான் சாப்பாட்டுச் சாமான் ஏத்துறவன்னு எழுத முடியும். இல்லேன்னா வேலை இல்லாதவன்," என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய உயிர், ஒரு வரி. ஊரில் எல்லாரும் பிறகு சொன்னார்கள், விட்ட சப்பாத்தை எடுத்ததால் சனி ஆள் மாறிப் பிடித்துக்கொண்டது என்று. எனக்கு ரத்தம் கொதிக்கும். சனி வந்து பட்டியல் எழுதினதா? வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நம் பாஷையில் பேசிக்கொண்டு, நம் வீட்டு வாசலில் நின்று ஒரு மனுஷன் எழுதினான். அவனைத் திட்ட வாய் வராமல் ஆகாயத்தில் இருக்கிற கிரகத்தைத் திட்டுகிறார்கள், கையாலாகாதவர்கள். நான் மட்டும் என்ன? அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் காலை லாரி வந்தது. என் மனைவி கிழங்கு ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அவன் தோளில் ஒரு பை, இடுப்பில் கைலி, காலில் ஒன்றும் இல்லை. கிழங்கு சுமந்து சுமந்து வெடித்துப்போன பாதம். நான் ஆபீசுக்குப் புறப்பட்ட கோலத்தில், சப்பாத்தோடு நின்றேன். என் மனைவி அவன் காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். "மாமா, கவலைப்படாதீங்க, சயாம்ல எந்தக் கோவில் வாசல்லயாவது சனிக்கிழமை ஒரு ஜோடி கிடைக்கும், எடுத்துக்கறேன்," என்று சிரித்தான்.

அவனுடைய சைக்கிள்தான் என் காலில் இருந்தது. குனிந்து கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கழற்றிக் கொடுத்தால் அன்றைக்கே பட்டை போகும், அடுத்த லாரியில் நான். அதையெல்லாம் நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்துவிட்டு, "மூணு மாசம்தானே," என்றேன்.

"ஆமா மாமா, மூணு மாசம்தானே," என்றான்.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து, பத்து பெரெண்டாமிலிருந்து அவனோடு போன ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலும். நாற்காலியில் உட்கார வெட்கப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவனுக்குக் காய்ச்சலும் வரவில்லை, பேதியும் வரவில்லையாம். காட்டில் வெட்டிப்போட்ட மூங்கில் முனை பாதத்தில் ஏறியிருக்கிறது. புண் பெரிதாகி, கால் அழுகி, அதிலேயே முடிந்துவிட்டது. சாகும் வரை எல்லாரையும் கேலி பண்ணிக்கொண்டிருந்தான் என்றார்.

என் மனைவி அவருக்குக் கஞ்சி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். தூற்றியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"சப்பாத்து எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நானும் ஒரு மடையன், போய் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தோல் தேயவில்லை, ஒரு தையல் விட்டிருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.