தலையணையில் சோதிக்காத தொப்பி

மூளையின் மின்துடிப்பைத் தலைக்கு வெளியிலிருந்தே பிடிக்கும் தொப்பி ஒன்றைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் செய்துகொண்டிருந்தோம். பசை தடவ வேண்டாம். சீப்புப் பல் போன்ற மின்முனைகள் முடியை விலக்கிக்கொண்டு தோலைத் தொடும். போட்டதே தெரியாது என்று மேடையேறிச் சொன்னவன் நான். அந்த வாயை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

குடவாசல் பக்கம் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். வளைகுடாவில் லாரி ஓட்டியவர். நரம்பு நோயில் கை, கால், பேச்சு எல்லாம் போய் இமை மட்டும் மிஞ்சியிருந்தது. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. அந்த அசைவும் சீக்கிரம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அவருடைய மூளையில் எது ஆமாம், எது இல்லை என்று தொப்பி கற்றுக்கொண்டாக வேண்டும்.

முதல் நாள் சிக்னலே வரவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறதென்று அவர் மனைவி தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார். எண்ணெய் வேண்டாம் என்றேன்.

"எண்ணெ இல்லன்னா அவங்களுக்குத் தலை காந்தும் தம்பி. பரவால்ல, பேசணும்ல" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் தினமும் போனேன். தொப்பியை மாட்டிவிட்டு, "வலிக்குதாங்க?" என்று கேட்பேன். மனைவி பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்ப்பார். அவர் இருமுறை இமைப்பார். நோட்டில் 'வலி இல்லை' என்று பெருமையாக எழுதிக்கொள்வேன். வீடு தேடி வந்தவன் மனம் நோகப் பேசாத மனிதரிடம், அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு கேட்டால் வேறென்ன பதில் வரும்? முட்டாள்தனம்.

நான்காவது வாரம் தலையணை உறையில் ரத்தம். எண்ணெய் காணாத வறண்ட தோலில், பின்னந்தலையில் ஐந்து இடத்தில் புண். நாங்கள் சோதித்ததெல்லாம் மாணவர்கள் தலையில், நாற்காலியில் உட்காரவைத்து. இவருடைய தலையின் கனம் முழுக்க அந்தப் பற்கள்மேல் இருந்தது. ஒருமுறை நான் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்திருந்தால் போதும்.

புண் ஆறுவதற்குள் இமை நின்றுவிட்டது. அதன்பின் தொப்பி சொல்வது சரியா என்று கேட்டுப்பார்க்க வழியே இல்லை.

கடைசியாகப் போனபோது மனைவி அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார், தழும்புகளைச் சுற்றி, விரல் நுனியால்.

"வலிக்குதாங்க?"

கேட்டுவிட்டு, பழக்கத்தில், அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.