நட்சத்திரம் போட்ட சொல்

சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்த ஜெர்மன்காரர் செத்த சொற்களுக்கும் வம்சாவளி வைத்திருக்கிறார்கள். மாலை ஜெர்மன் மொழி வகுப்பில் எங்கள் ஆசிரியை கரும்பலகையில் ஒரு நட்சத்திரம் போட்டு, பக்கத்தில் 'பிலீபனன்' என்று எழுதினார். தங்கியிருத்தல் என்று பொருளாம். அதற்கும் முன்னால், ஒட்டிக்கொள்ளுதல் என்ற பொருளில் இன்னொரு பழைய வேர். கீழே பிள்ளைகள்: ஜெர்மனில் பிளைபன், டச்சில் பிளைவன், டேனிஷில் பிளீவ. ஆங்கிலத்தில் வாழ்வதைச் சொல்லும் 'லிவ்'வும் விட்டுப்போவதைச் சொல்லும் 'லீவ்'வும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்களாம். நட்சத்திரம் எதற்கு என்று கேட்டேன். அந்தச் சொல்லை எழுத்தில் ஒருவரும் கண்டதில்லை. பிள்ளைகளின் முகச்சாயலை வைத்து, இப்படியொரு தகப்பன் இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்களாம். எனக்கு உடம்பு புல்லரித்தது. "அப்படியென்றால் அது செத்துவிட்டதா?" என்றேன். "பயப்படாதீர்கள், இது பரீட்சைக்கு வராது" என்று அவர் சிரித்தார்.

கோதாரி, எனக்குப் பரீட்சையா பயம்? கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடிய நாளில், உருத்திரபுரத்து வீட்டில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று என் அண்ணன் சைக்கிளில் திரும்பிப் போனான். மாடு வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை. அது நடந்து ஐந்து வருடம்; அப்போது அண்ணியின் வயிற்றில் பிள்ளை. கண்டவர் இல்லை, உடல் இல்லை, திவசம் செய்யத் திதியும் இல்லை.

வகுப்பு நடந்து ஒரு கிழமைக்குள் அண்ணி பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்து, ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து என்னை அழைத்தார்.

"தம்பி, இந்த ஆடி அமாவாசைக்கு அவருக்கும் எள்ளும் தண்ணியும் இறைக்க வேணுமெண்டு மாமி ஒரே பிடியாய் நிக்கிறா. இறைச்சால் நான் பொட்டழிக்க வேணும். நீங்கள் சொல்லுறதுதான் முடிவு. சொல்லுங்கோ."

அவருக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். இரண்டு தரம், கடைசியில் சின்னதாய் ஓர் இழுவை. கதைக்கத் தொடங்குமுன் அண்ணன் அப்படித்தான் செருமுவான். ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"அண்ணி, பக்கத்தில ஆர்?"

"பிள்ளைதான். ஏன்?"

தகப்பனை ஒருநாளும் காணாத பெண்பிள்ளை. ஐயோ, நான் என்ன சொல்ல? சாயல் என்பது, தகப்பன் இருந்தான் என்று மட்டும்தான் சொல்லும். இருக்கிறான் என்று சொல்லாது. அம்மா சொல்வதுதான் சரி, இறைத்துவிடுவோம் என்று சொல்லத்தான் தொண்டையைச் செருமினேன்.

மறுமுனையில் அண்ணி பிள்ளையை 'உஷ்' என்று அடக்கினார்.

"அண்ணி?"

"இன்னொருக்கா செருமுங்கோ, தம்பி."

செருமினேன்.

"போதும். ஒண்டும் இறைக்க வேண்டாம்" என்று அழுதபடி வைத்துவிட்டார்.

ஜெர்மனியில், எசன் நகரத்து அறையில் தனியே நின்று மறுபடி செருமிப் பார்த்தேன். இரண்டு தரம், கடைசியில் அதே இழுவை. நின்றது நான்தான். செருமியவன் வவுனியாவில், அந்தக் கடைக்குள், பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றான்.