உறைந்த எண்ணெயில் அளந்த என்ஜின்

ஒரு வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும் என்று முதலில் கேட்க வேண்டுமா, அது யாருக்காக ஓடப்போகிறது என்று முதலில் கேட்க வேண்டுமா? பௌதிகத்தில் பட்டம் பெற்றுவிட்டு, ஆசிரியை வேலைக்குக் காத்திருந்த எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. குழித்துறையில் என் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில், ஒரு மார்கழி மாதத்தில், விடை சொல்லியே தீர வேண்டிய கட்டாயத்தோடு வந்தது. நாங்கள் திருவிதாங்கூர் - கொச்சி இராஜ்யத்தின் குடிகளாக இருந்த கடைசி வருஷங்கள் அவை.

அண்ணன் பஸ் என்ஜின்களைப் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர். மலையில் ரப்பர் எஸ்டேட் ஒன்றை நடத்திவந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பியபோது, அவர் விட்டுச்சென்ற பழைய திறந்த காரை அண்ணன் வாங்கினார். பார்வைக்குக் கம்பீரமான வண்டி. ஆனால் எங்கள் ஊர்த் தாமிரபரணிப் பாலத்தின் ஏற்றத்திலேயே அதற்கு மூச்சு வாங்கும். அதன் என்ஜினைப் புதுப்பித்துக் களியக்காவிளை பஸ்ஸை முந்திக் காட்டுவேன் என்று அண்ணன் சாயாக்கடையில் சவால் விட்டிருந்தார். அந்த பஸ்ஸின் டிரைவர் அவருடைய பள்ளித் தோழர். ஆகவே அந்தச் சவாலைக் கேட்காதவர் குழித்துறையில் யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் டாக்டர் எங்கள் ஒர்க்‌ஷாப்பைத் தேடி வந்தார். திற்பரப்புக்கு மேலே, மலைக்குள், ரப்பர் பால் எடுக்கும் குடும்பங்கள் பல இருந்தன. அங்கே ஒருவருக்கு உடல்நிலை மோசமானால் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நான்கு பேர் தோளில் சுமந்து இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேராமலே போனவர்களும் உண்டு. இனி அவசரத்துக்கு ஒரு காரை நிரந்தரமாக அமர்த்திக்கொள்ள எஸ்டேட் சம்மதித்திருந்தது. ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். கட்டிலில் ஓர் ஆள் படுத்திருக்க, துணைக்கு ஒருவரும் தாமும் உட்கார்ந்திருக்க, திற்பரப்பிலிருந்து எஸ்டேட் வரையிலான ஏற்றத்தை வண்டி நடுவில் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். பெட்ரோலை எஸ்டேட்டே கொடுக்கும். நின்றுவிட்டால் வேலை களியக்காவிளையில் உள்ள இன்னொரு காருக்குப் போய்விடும். அண்ணனோ கையிலிருந்த எல்லாவற்றையும் அந்தக் காரில் போட்டிருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அதை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

பழைய என்ஜினுக்கு வலு கூட்ட வேண்டுமானால் அதன் கம்ப்ரஷனைக் கூட்ட வேண்டும். சிலிண்டருக்குள் வரும் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் பிஸ்டன் மேலே போய் நெருக்கிய பிறகுதான் நெருப்புப் பொறி விழும். ஆறு பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்தில் அடைத்தால் கம்ப்ரஷன் ஆறுக்கு ஒன்று. நெருக்கம் கூடக் கூட வலுவும் கூடும். ஆனால் அளவு மீறினால், பெட்ரோல் மட்டமாக இருக்கும்பட்சத்தில், அது முறையாக எரியாமல் உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை இடிக்கும். எங்கள் காரில் இருந்தது நாலரைக்கு ஒன்று.

"ஏழு வைப்போம். வண்டி பறக்கும்ட்டி" என்றார் அண்ணன்.

"ஏழுக்கு நல்ல பெட்ரோல் வேணும்ணே. மலையில எது கெடைக்கும்னு யாருக்குத் தெரியும்? ஆறு போதும்" என்றேன்.

"ஒனக்க படிப்பு முழுக்க பயந்தாங்கொள்ளிப் படிப்பு" என்று சிரித்தார். ஆனாலும் ஆறுக்குச் சம்மதித்தார்.

கம்ப்ரஷனைக் கூட்டுவதற்குச் சிலிண்டருக்கு மூடிபோல் இருக்கும் இரும்புத் தலையின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டும். எவ்வளவு இழைப்பது என்று அறிய, தலையில் உள்ள குழிவின் கொள்ளளவை முதலில் அளக்க வேண்டும். குழிவை ஒரு கண்ணாடிச் சில்லால் மூடி, ஸ்பார்க் பிளக் மாட்டும் துளை வழியாக ஏதாவது திரவத்தை அவுன்ஸ் கிளாஸில் அளந்து அளந்து ஊற்றி நிரப்பினால் போதும். அதற்கு மண்ணெண்ணெய் கேட்டுப் போனோம். அண்ணன் மனைவி, என் மதினி, வீட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"வெளக்குக்கு உள்ள எண்ணெய இரும்புல ஊத்தவா? கிறிஸ்மஸ் வருது, இருட்டுலயா இருக்கணும்? வேணும்னா தேங்காயெண்ண எடுங்க. அது இஞ்ச ஆறா ஓடுது."

உண்மைதான். எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில், குளிரக் குளிர உட்கார்ந்து, அந்த எண்ணெயால் நான் அளந்தேன். கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் தலையை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் இழைத்து வாங்கிவந்து பூட்டினார்.

முதல் ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. குழித்துறை மார்க்கெட்டைத் தாண்டியதும் வண்டி பாய்ந்தது. வாழைக்குலை ஏற்றிய மாட்டுவண்டிகள் பின்னால் நழுவிப் போயின. என் தலைப்பின்னல் அவிழ்ந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேவாலயச் சங்கீதப் புத்தகத்திலுள்ள பாட்டையெல்லாம் பாடினார். ஆனால் திற்பரப்பைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், சிலிண்டருக்குள் யாரோ சரளைக்கல்லை அள்ளிப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் வெந்நீர் ஆவி சீறிக்கொண்டு எழ, வண்டி நின்றது. குழித்துறையில் வாங்கிய நல்ல பெட்ரோலுக்கே இந்தக் கதி. சோதனைக்காக எஸ்டேட் அனுப்பியிருந்த தகர டின்னை வீட்டுக்கு வந்ததும் திறந்து முகர்ந்தேன். பாதி மண்ணெண்ணெய் வாடை.

கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. ஆறுக்கு ஒன்று இப்படி இடிக்கக் காரணமே இல்லை.

விடை மறுநாள் காலையில் என் தலைக்கு வந்தது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. வழக்கம்போல் அதை வெயிலில் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அளந்த அன்றும் எண்ணெய் பாதி உறைந்துதான் இருந்தது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் அவுன்ஸ் கிளாஸின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கிளாஸில் எடுத்ததை நாங்கள் எண்ணினோம். குழிவுக்குள் இறங்கியது அதைவிடக் குறைவு. குழிவு உண்மையில் சிறியது. பெரியது என்று நம்பி, அதற்கேற்ப இழைத்ததில் கம்ப்ரஷன் ஆறரைக்குப் போய்விட்டது.

ஓடிப்போய்ச் சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மதினியும் சேர்ந்துகொண்டார். "லோகத்துல யாரும் என்ஜினுக்குத் தலைக்கு எண்ண வச்சிருக்க மாட்டாவ" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் சொன்னார்: "கர்த்தராப் பார்த்துத் தந்த தப்புட்டி இது. எப்படிப் பாஞ்சுது, பாத்தியா? இத நான் கொறைக்க மாட்டேன். ஏத்தத்துல மட்டும் ஸ்பார்க்கக் கொஞ்சம் பிந்தி விட்டாப் போதும், இடி அடங்கிரும்."

"பிந்தி விட்டா சூடுதான் ஏறும். திரும்பவும் நடுவழியில நிக்கும்."

"நல்ல பெட்ரோல் நான் கொண்டு போறேன்."

"சோதனைக்குக் கொண்டு போவிய. ஆடி மாசத்து மழையில, ஒரு பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வரும்போ டேங்க்ல என்ன இருக்கும்? அந்த டின்னுல உள்ளதுதான் இருக்கும்."

அண்ணன் காரின் மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் எதை இழக்கத் தயங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அது வெறும் வேகம் அல்ல. அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க அவர் கண்டுபிடித்திருந்த ஒரு வழி அது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதினிதான் பேச்சை முடித்தார். "கட்டில்ல கெடக்க ஆள் வேணும்லா? நான் கெடக்கேன். நடுவழியில என்ன எறக்கி விட்டுத் தள்ளச் சொன்னா, நேரே எங்கம்மா வீட்டுக்குப் போவேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், அந்தத் தகர டின்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு ஸ்பானரை எடுத்தார். இழைத்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அதனால் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே காஸ்கெட் என்னும் செப்புத் தகடு ஒன்று இருந்த இடத்தில் இரண்டை வைத்து, குழிவுக்குக் கொஞ்சம் இடம் கூட்டிப் பூட்டினார். இந்த முறை உருக்கிய எண்ணெயால், கிளாஸையும் சூடாக்கி, அளந்து பார்த்தோம். ஏறக்குறைய ஆறு.

சோதனை நாளில் பின்சீட்டை எடுத்துவிட்டுக் கட்டிலைக் குறுக்கே வைத்துக் கட்டினோம். மதினி கம்பளி போர்த்திப் படுத்துக்கொண்டார். துணையாள் நான். டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். டின்னில் இருந்ததை அவர் கையாலேயே டேங்கில் ஊற்றினார்.

வழியெல்லாம் ஜனங்கள் பதறிப்போய் ஓடி வந்தார்கள். திற்பரப்பில் அருவிக்குக் குளிக்க வந்த பெண்கள் ஈரத்துணியோடு வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "அய்யோ, பிள்ளைக்கு என்ன தீனம்?" என்று மதினியின் நோயை விசாரித்தார்கள். மதினி கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல அக்கா, வண்டிக்குத்தான் தீனம். நான் சும்மா கூட வாறேன்" என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

ஏற்றம் வந்தது. நான் கட்டிலின் காலை இறுகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டேன். ஒன்றிரண்டு முறை என்ஜின் சரளையை லேசாகக் கொறித்தது. அண்ணன் கியரைக் குறைத்தார், சத்தம் அடங்கியது. வண்டி பாயவில்லை. பாரம் பழகிய எருமையைப்போல் நிதானமாக, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. போன தடவை நின்ற இடத்தைக் கடந்தபோது அண்ணன் ஹாரனை அடித்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது ஆவியும் இல்லை, சரளைக்கல்லும் இல்லை. பால் எடுத்து முடித்து வந்திருந்த பெண்கள் வண்டியைச் சுற்றி நின்று அதன் மேல் கைவைத்துப் பார்த்தார்கள். அவர்களில் மசக்கைக்காரி ஒருத்தி கட்டிலை அழுத்திப் பார்த்து, "நோவாதுல்லா?" என்று கேட்டாள். மதினி இறங்கி, அவளைப் படுக்கவைத்துக் காட்டினார்.

டாக்டர் அண்ணனின் கையைப் பிடித்தார். "வண்டி இனி நம்முடையது. ஆள் விட்டா ஒடனே வரணும், கேட்டீங்களா?" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில், குழித்துறையை நெருங்கும்போது, களியக்காவிளை பஸ் பின்னால் வந்து எங்களை முந்தியது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏலே, சவாலு என்னாச்சு? வண்டிக்கு உறக்கமா?"

நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஆனால் அவர் வாய்விட்டுச் சிரித்தார். வண்டியை ஓரம் ஒதுக்கி வழிவிட்டார். "நீ முன்னால போ மக்கா! எனக்க வண்டியில நோக்காடுக்காரி கெடக்கா!" என்று கத்தினார். மதினி கட்டிலில் படுத்தபடியே பஸ்ஸுக்குக் கைகாட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மசக்கைக்காரி நிறைமாதமாக எங்கள் காரில்தான் மலை இறங்கினாள். மகளோடு அதே காரில் திரும்ப ஏறினாள். நான் ஆசிரியையானேன். அன்று முதல், எந்தக் கணக்கையும் அது பயன்படப்போகும் இடத்தில் என்ன கிடைக்கும் என்று விசாரிக்காமல் நான் தொடங்குவதில்லை.