ஆற்றங்கரையில் நான் அடித்த தகரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தால் என் முன்பல் ஒன்று போனது. அதோடு ஒருத்தியின் பிழைப்பும் போனது.

அப்போது நான் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேலே, ஆறு வளைகிற இடத்தில், கம்பிவலைக் கூண்டுகளில் கக்காவைப் போட்டு மூழ்கடித்து வைத்திருந்தேன். கக்கா என்றால் ஆற்றுச் சிப்பி. நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டித் துப்பும். ஆற்றில் பாதரசம் கலந்திருந்தால் அதன் சதையில் தங்கிவிடும். பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சதையைச் சோதனைக்கு அனுப்பினால் ஆற்றின் சங்கதி தெரிந்துவிடும்.

தெரிய விட்டால்தானே! இரண்டு தடவை யாரோ கூண்டைத் திறந்து அள்ளிக்கொண்டு போய், தேங்காய் வறுத்தரைத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை கக்காவைப் போட்டபோது, ஒரு தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் 'விஷம், தொடாதே' என்று எழுதிக் கரைத் தென்னையில் ஆணி அடித்தேன். அதன்பின் என் கூண்டை யாரும் தொடவில்லை. அந்த ஆற்றுக் கக்காவை யாரும் விலைக்கும் வாங்கவில்லை. இந்த இரண்டாவது விஷயம் என் மண்டைக்கு எட்டவே இல்லை.

பத்து நாள் கழித்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் முங்கிக் கக்கா எடுத்து, தெரு முக்கில் உட்கார்ந்து விற்கிற பெண் இறங்கி வந்தாள். கூடவே அவள் தம்பி.

"சாறே, அந்தத் தகரத்த அடிச்சது நீங்கதானா?"

"ஆமா. திருடித் தின்னா வேற என்ன செய்ய?" என்று எகிறினேன்.

தம்பிக்காரன் என் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். "விஷமா லே? குடி லே இந்த வெள்ளத்த!" மூச்சு முட்டியது. அவன் கையைக் கடித்தேன். முழங்கையால் இடித்தான். வாய் நிறைய ரத்தம், கூடவே பல்லும் வந்தது. அவள் கூண்டுகளைக் கரைக்கு இழுத்துப்போட்டு, கருங்கல்லால் கக்காக்களை நொறுக்கினாள். "பத்து நாளா ஒருத்தரும் வாங்கல்ல. எம் பிள்ளியளுக்கு நான் என்னத்தக் குடுக்க?" அழுதுகொண்டேதான் நொறுக்கினாள்.

அவர்கள் போனபிறகு, உடையாமல் தப்பியவற்றை ரத்தம் துப்பித் துப்பிப் பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பினேன். இதில் பாதரசம் இருந்தே தீரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அவ்வளவு வன்மம் எனக்கு.

சோதனை முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தகரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு முக்குக்குப் போனேன். விற்காவிட்டாலும் அவள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவித்த கக்காவில் ஒரு பிடி அள்ளி, எல்லாரும் பார்க்கத் தின்றேன். "விஷமில்ல, நான் எழுதினது தப்பு" என்று கத்தினேன்.

டீக்கடையில் நின்ற ஒருவர் என் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தார். "அடி வாங்கினவன் பின்ன தின்னாம என்ன செய்வான் மக்கா!"

அவள் எழுந்து, கூடையைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

"இனி நீயே இருந்து வித்துத் தா."

சாயங்காலம் வரை இருந்தேன். ஒன்றுகூட விற்கவில்லை.