தையலுக்கு விடாத கதவு

டெய்லரக்காவிடம் போய், வீடு கட்டப் போகிறேன் என்று மட்டும் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஓடுகிற மிஷினை நிறுத்திவிடுவாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் கேட்பாள், "கூலிக்கு மட்டும் விடறீங்களா, சாமானோடயா?" நீங்கள் எதைச் சொன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். உங்கள் துணி அன்றைக்குக் கிடைக்காது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டவள் பேசாமல் வேறு யார் பேசுவது.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். லோடு இறக்கும்போது மேலே இருந்த மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது, அதோடு இரண்டு காலும் போயிற்று. கை மட்டும் பழைய கைதான், ஸ்டியரிங் பிடித்த கை. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வாசல்வரை வருவார், போவார். ஆனால் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் கக்கூஸ் பின்பக்கம் இருந்தது. மூன்று படி இறங்க வேண்டும், கதவு ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். அவள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். உட்கார வைப்பாள். கதவைச் சாத்த இடமில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே நிற்பாள். முடிந்ததும் மறுபடி தூக்குவாள்.

வருஷக்கணக்கில் இப்படி. அவளுக்கு முதுகு தேய்ந்துபோயிற்று. இனிமேல் வெயிட் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, நேராக அவரைத்தான் தூக்கினாள்.

விபத்துக்கான நஷ்ட ஈடு கோர்ட்டில் இழுத்தடித்துக் கடைசியில் கைக்கு வந்தபோது, மேலே கடனும் போட்டுச் சின்னதாக ஒரு வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. எப்படி இருக்கணும் என்று அவரைக் கேட்டாள்.

"உள்ளயே ஒரு பாத்ரூம். நானா வண்டிய தள்ளிக்கிட்டுப் போகணும், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு உட்காரணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

மனுஷன் கேட்டது அவ்வளவுதான். மற்றதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, அதற்கு இழுத்து மூடுகிற இரும்பு ஷட்டர். கூடத்து மூலையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. கடை என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே ஆலோசனை சொல்ல ஆள் வந்துவிட்டது. பக்கத்து மனைக்காரரை அந்தத் தெருவே இன்ஜினியர் என்றுதான் கூப்பிடும். படித்ததென்னவோ வேறு. தனக்கென்று ஒரே ஒரு வீடு கட்டினார், அதிலிருந்து அவருக்கு அந்தப் பேர். அவர் சொன்னார், "கூலிக்கு மட்டும் விடுங்க, சாமான் நீங்களே வாங்குங்க. நிறைய மிச்சமாகும்." மிச்சமானது உண்மைதான். ஆனால் காலையில் சிமெண்ட் கடை, மத்தியானம் கம்பிக் கடை, நடுவில் மணல் லாரிக்காரனுக்குப் போன், சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் பிடிப்பது, அதற்குமேல் மிஷினில் உட்கார்ந்து ஊரார் துணியைத் தைப்பது என்று அவளுக்கு நாக்கு தள்ளிவிட்டது. அந்த அலைச்சலுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? இன்ஜினியர் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மேஸ்திரி நல்லவர்தான், திருட்டுப் புரட்டு கிடையாது. ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, எது எதெல்லாம் சதுர அடியில் சேர்த்தி என்று அவள் கேட்காமல் விட்டாள். தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி எக்ஸ்ட்ரா. ஜன்னலுக்கு மேலே மழைக்கு நீட்டுகிற பலகை எக்ஸ்ட்ரா. நாற்காலி ஏறுவதற்கு வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு போட வேண்டும், அதுவும் எக்ஸ்ட்ரா.

"என்ன மேஸ்திரி, மூச்சு விட்டாக்கூட எக்ஸ்ட்ராவா?"

"மூச்சு நம்ம கணக்குல சேர்த்திதான்க்கா" என்றார் அவர், கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கொடுத்தாள்.

பூசுவதற்கு முன்னால் கரண்ட்காரரும் பைப்காரரும் வந்து சுவரை வெட்டிக் குழாய் புதைத்துவிட வேண்டும். கரண்ட்காரர் வேறெங்கோ வேலையில் மாட்டிக்கொண்டு வரவில்லை, மேஸ்திரி பூசிவிட்டார். அப்புறம் கரண்ட்காரர் வந்து பூசின சுவரைக் கொத்தினார். கொத்தினதற்கு ஒரு கூலி, கொத்தினதை மறுபடி பூச ஒரு கூலி. ஒருவர் வேலை முடிகிற அன்றைக்கு அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். நிற்க மாட்டார்கள், போன் எடுக்கவும் மாட்டார்கள். இதைச் சொல்லும்போது டெய்லரக்காவுக்கு இப்போதும் தலை வலிக்கும்.

சரி, கதவு விஷயத்துக்கு வருவோம்.

செங்கல் வேலை எழும்பும்போதே நிலையை நிறுத்தி, அதைச் சுற்றித்தான் சுவர் வைப்பார்கள். அதனால் ஆசாரிக்கு முதலிலேயே அளவு சொல்லியாக வேண்டும். பாத்ரூம் கதவுக்கு மட்டும் அவள் தானே அளவெடுத்தாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கையில் பிடிக்கச் சொல்லி, இந்த முழங்கை முட்டியிலிருந்து அந்த முழங்கை முட்டிவரை நாடாவைப் பிடித்தாள். முப்பது இன்ச். இடித்துக்கொள்ளாமல் போய்வர லூஸ் ரெண்டு இன்ச். ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொன்னாள், "முப்பத்திரண்டு. ஒரு நூல்கூடக் குறையக் கூடாது."

ஆசாரியும் ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை. முப்பத்திரண்டு இன்ச்சுக்கு நிலை செய்து கொண்டுவந்து நிறுத்தினார்.

மூன்று மாசம் கழித்து, சரிவு போட்டு, டைல்ஸ் ஒட்டி, பாத்ரூமுக்குக் கதவும் மாட்டியபிறகுதான் அவரை முதல்முதலாக ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கினார்கள். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கூடத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் பாத்ரூமை நோக்கி வண்டியைத் தள்ளினார். நிலையில் போய் டக்கென்று நின்றது. பின்னால் வந்து, நேராக்கி, மறுபடி தள்ளினார். மறுபடியும் நின்றது.

அவள் நாடாவை எடுத்துப் பிடித்தாள். நிலையின் வெளிப்பக்கம் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை முப்பத்திரண்டு. இரண்டு பக்கமும் மரமே இரண்டரை இரண்டரை இன்ச். திறந்த கதவின் கனம் ஒன்றரை. மிச்சம் இருந்தது இருபத்தைந்தரை. வண்டியே இருபத்தாறு.

ஆசாரி கையைப் பிசைந்தார். "நிலைன்னா வெளி அளவுதானேம்மா சொல்லுவாங்க. நீங்க உள்ளளவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவள் என்னத்தைச் சொல்வாள்? அவள் தொழிலில் மார்பு முப்பத்தாறு என்றால் அது ஆளின் அளவு. ஓரத்தில் தையலுக்கென்று கூடுதல் துணி விடுவது வெட்டுகிறவள் பொறுப்பு. தையலுக்குத் தனியாக விடுங்கள் என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் விடாமல் வெட்டினதில்லை. ஆசாரி பார்த்துக்கொள்வார் என்று அவள் தனியாக நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு இயல்பாக அதை அவர் தலையில் கட்டிவிட்டாள். கழுத்தில்தான் நாடா தொங்கியதே, நிலை நிறுத்தின அன்றைக்கே ஒருதரம் பிடித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்பதற்கு என்ன காசா பணமா.

மேஸ்திரிதான் வழி சொன்னார். "உடைச்சா நிலை வேற, கதவு வேற, டைல்ஸ் வேற, பெயிண்ட் வேற. சின்ன வேலைக்கு எவனும் லேசுல வரமாட்டான், வந்தாலும் முழுநாள் கூலி கேப்பான். ஷட்டருக்கு வச்சிருக்கற காசு அப்படியே போயிடும்க்கா. பேசாம கதவைக் கழட்டிட்டு ஒரு திரையப் போட்டுடுங்க. கதவு கனம் போச்சுன்னா வண்டி போயிடும். தையல் உங்க கையில இருக்கு."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரையே போதும்" என்றார். "வீட்டுல வேற யாரு இருக்கா, நாம ரெண்டு பேர்தானே."

நிஜமாகவே போதும் என்கிறாரா என்று அவள் துருவிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு தடவை மேஸ்திரி, ஆசாரி, டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று நாலு பேருக்குப் போன் போட்டு நாலு பேரிடமும் கெஞ்ச அவளுக்குத் தெம்பில்லை. அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே கெட்டித் துணியில் இரண்டு அடுக்காகத் திரை தைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அடி மடிப்பில் சின்னச் சின்ன இரும்பு வளையம் வைத்துத் தைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

குடி வந்தார்கள். கதவைக் கழற்றியதும் வண்டி உள்ளே போயிற்று, முழங்கை முட்டி மட்டும் மரத்தில் உரசும். அவளைத் தூக்கச் சொல்வதில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தானே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். முன்னறை ஷட்டருக்கு ஆர்டர் கொடுக்கலாம், அடுத்த வாரம் போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் புதுசாக ஒரு தொல்லை ஆரம்பித்தது. எப்போது பார்த்தாலும் அவளைக் கடைக்கு அனுப்பினார். காலையில் எழுந்ததும், "ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வாயேன்." சாப்பிட்டபிறகு, "தீப்பெட்டி நமுத்துப்போச்சு, வேற வாங்கிட்டு வா." தைக்க உட்கார்ந்தால் எழுப்புவார். கடை தெருமுனையில், போய்வரக் கால் கடுக்கும். முதுகு வேறு விண்விண் என்று தெறிக்கும்.

"என்னங்க, என்னைப் பாத்தா மனுஷியாத் தெரியலயா? மொத்தமாச் சொல்லித் தொலைங்களேன்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். ஆனாலும் வாங்கத்தான் போனாள்.

திரும்பிவந்து சமையலறை அலமாரியில் வைக்கப்போனவள், அங்கே இருந்ததைப் பார்த்தாள். தீப்பெட்டி ஒரு டஜனுக்கு மேல் அடுக்கியிருந்தது, எல்லாம் அவளே அலுப்பில் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்ததுதான். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, ஒன்றுகூட நமுக்கவும் இல்லை. பாத்ரூமில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரையின் வளையங்கள் தரையில் உரசின. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அவள் இத்தனை சீக்கிரம் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அதுக்காகவா என்னை வெளிய அனுப்பறீங்க?"

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"திரைக்கு அந்தப் பக்கம் நீ மிஷின் ஓட்டறது கேக்குது. அப்ப நான் பண்றதும் உனக்குக் கேக்கும்ல."

"அந்த வீட்டுல நான் பக்கத்துலயே நின்னேனே. அப்பல்லாம்?"

"அப்பல்லாம் மட்டும் பிடிச்சுதுன்னா நினைச்சே?" என்றார். "தினம் செத்துப் பிழைச்சேன். நீ தூக்கற, முதுகு வலியோட தூக்கற, அதுல நான் என்னன்னு வாயத் திறப்பேன். இங்க வந்தா சரியாயிடும்னு இருந்தேன்."

அவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. அப்புறம் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"நிலையைப் பேத்துடலாம் மேஸ்திரி. எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். இந்தத் தரம் உள்ளளவு முப்பத்திரண்டு. கதவு வெளிப்பக்கம் சுவரோட போய் மடங்கிப் படுக்கணும். உள்ளளவு, கேட்டுதா?"

"அப்ப ஷட்டர் என்னாகறதுக்கா?"

"முன்னறையில ஷட்டர் இடத்தைக் கல்லை வச்சு அடைச்சுடுங்க. நான் கூடத்துலயே தைச்சுக்கறேன்."

சின்ன வேலைக்கு எவனும் வரமாட்டான் என்று மேஸ்திரி சொன்னது அப்படியே பலித்தது. ஆசாரியைப் பிடிக்க நாலு தரம் நடந்தாள். டைல்ஸ்காரர் வந்து, அதே டிசைன் இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டுப் போனார். கடைசியில் நிலை ஓரத்தில் மட்டும் வேறு கலர் டைல்ஸ் ஒட்டினார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரிதான் தெரியும், தெரியட்டும். நிலைக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல் கான்கிரீட் சுவர் முழுக்க ஓடியதால் பிழைத்தார்கள், இல்லாவிட்டால் அதையும் இடித்திருக்க வேண்டும். உடைத்த தூசி துணியிலெல்லாம் படிந்து, வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மறுபடி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வாங்கின கடன் முடிகிறவரை அவளுக்குக் கடை என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

புதுக் கதவு மாட்டி பெயிண்ட் காய்ந்த அன்றைக்கு மத்தியானம், அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கும் உரசவில்லை. கதவு சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் வெளியே நின்றாள், பழக்கதோஷம். எந்நேரமும் கூப்பிடுவார் என்று காது அங்கேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. நிற்கவேண்டிய அவசியமே இல்லை என்பது மெதுவாகத்தான் அவளுக்குப் புரிந்தது. கதவுக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். பெருக்கவில்லை, சிமெண்ட் தூசி அப்படியே கிடந்தது. காலை நீட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி பாக்கியை வாங்கிக்கொள்ள வந்தபோது, வண்டி கூடத்து நடுவில் நின்றிருந்தது. வண்டியில் இருந்தவர் விரலை வாயில் வைத்துச் சைகை காட்டினார். எதிர்ச்சுவரோரம் அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்புறமா வா மேஸ்திரி, காசு எங்கயும் ஓடிப்போகாது" என்றார் அவர் மெல்ல. "அவ இன்னைக்குத்தான் குடி வந்திருக்கா."