ஆறாவது அஞ்சலை

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் மஞ்சள் போகவில்லை. புஷ்பவல்லி கைகளை முகர்ந்து பார்த்துவிட்டு நான்காம் முறையாகக் குழாயடிக்குப் போகிறார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று அம்மியில் மசாலா அரைத்துக் கொடுப்பவர் அவர். அரைத்த கையோடு சூராட்டைத் தொட மாட்டார். முத்திரை குத்திய காகிதம் எதுவானாலும் அவருக்கு அது மலாய்க்காரர் சொல்லும் 'சூராட்'தான்.

போன வெள்ளிக்கிழமை வரை அவரிடம் ஐந்து சூராட்டுகள் இருந்தன. ஐந்தும் இறப்புப் பதிவின் நகல்கள். ஐந்திலும் இறந்தவர் பெயர் அஞ்சலை. அவர்களில் ஒருவர்கூட அவரைப் பெற்றவர் இல்லை.

வயது முப்பத்திரண்டு. கணவர் தண்டவாளம் போடும் கூட்டத்தில் இருக்கிறார். புஷ்பவல்லியின் பேச்சில் அவசரம் கிடையாது. இடையில் யாராவது குறுக்கிட்டால், முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். மற்றவர் வாங்கி வந்த மிளகாயை நம்ப மாட்டார். ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்த பிறகே அம்மியில் வைப்பார்.

கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பன் வீரபத்திரன் காய்ச்சலில் போனபோது இவர் கைக்குழந்தை. இரண்டு வயதானபோது, ஒரு நாள் காலையில் தாய் அஞ்சலை இவரைப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிள்ளான் பக்கம் நடந்தாள். திரும்பி வரவில்லை. தோட்டத்துக்குத் தெரிந்தது அவ்வளவே. இராஜம்மா சோற்றுக்குக் குறை வைக்காமல் வளர்த்தார். ஆனால் கோபம் வந்தால் ஒரே பேச்சுதான்: "ஓடிப்போனவ மகதானே நீ!"

"எங்கம்மா ஓடல," என்பார் புஷ்பவல்லி. "எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியும்."

நான் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, இங்குள்ளவர்கள் வாயில் 'கிராணி'. இரண்டு வருஷத்துக்கு முன்பு, எங்கள் வீட்டில் அரைத்து முடித்துக் குழவியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கிராணி ஐயா, செத்தவங்க பேரெல்லாம் கவர்மெண்டுல எழுதி வச்சிருக்காங்களாமே, நெசமா?"

தோட்டத்தின் பெயரைப் போட்டு மனு எழுதினேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. அவருக்குப் படித்துச் சொன்னேன்.

"அப்ப ஓடிட்டான்னு ஆயிடுமா, ஐயா?"

காகிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. குடியிருந்த இடத்தில் அல்ல, உயிர் போன இடத்தில்தான் இறப்பைப் பதிவார்கள். கிள்ளான் பட்டணத்துப் பதிவில் தேடச் சொல்லி மறுபடி எழுதினேன். அதன் பிறகுதான் அஞ்சலைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பது மனப்பாடம். "நாலாங் கட்டத்த மொதல்ல படிங்க" என்பார். கணவன் பெயர் இருக்கும் கட்டம் அது. அதில் மாரிமுத்து என்றோ பெருமாள் என்றோ இருக்கும். அத்தோடு விட மாட்டார். "மிச்சத்தையும் படிங்க. யாரு பெத்த புள்ளயோ, முழுசாக் கேட்டுருவோம்." ஒருத்தி பிரசவத்தில் போனவள், இன்னொருத்தி பாம்பு கடித்து. இறந்த தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வார்.

போன வெள்ளிக்கிழமை ஆறாவது வந்தது. சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"நாலாங் கட்டம்?"

"வீரபத்திரனின் விதவை."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். நானே தொடர்ந்து படித்தேன். இறந்த இடம் கிள்ளான் ஆஸ்பத்திரி. காரணம் மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இருந்தது மூன்று நாள். இறந்த செய்தியைப் பதிந்தவர் அங்கே காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர்.

"காய்ச்சலோடதான் நடந்து போயிருக்காங்க," என்றேன்.

"மூணு நாளா? யாரும் போய்ப் பாக்கலியா?"

"அதெல்லாம் இதுல எழுத மாட்டாங்கம்மா."

"வயசு?"

"இருபத்தொண்ணு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.

"இருபத்தொண்ணா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "சின்னப் புள்ளயால்ல இருந்திருக்கு, ஐயா."

இராஜம்மா இப்போது சாலாக் செலாத்தானில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் காட்ட இன்னொரு நகல் வாங்கித் தரட்டுமா என்றேன்.

"வேணாம். அதுக்குப் படிக்கத் தெரியாது, காதும் கேக்காது. நானே போயி கத்திச் சொல்லிட்டு வரேன். அந்தத் தெருவுக்கே கேக்கட்டும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் போகலாமே என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். காகிதத்தை வாங்கி மடிக்காமல் மார்போடு சாய்த்துக்கொண்டார். முந்தானையை இழுத்து அதன் மேல் இரண்டு சுற்றுப் போர்த்தி, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, தன் தலை நனைய மழையில் இறங்கினார்.