ஒரு கன்றுக்கு இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

ஒரகடத்தில் நாங்கள் புதிதாகக் குடியேறிய வீட்டின் பால்கனி, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். மூன்றாம் மாதத்தில் என் கர்ப்பம் கலைந்த பிறகு, என் கணவர் வாலாஜாபாத்திலிருந்து ஒரு மாதுளைக் கன்று வாங்கி வந்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அந்தப் பழக்கத்தில் பட்டியல் போட்டே நட்டேன்: செம்மண், தொழுஉரம், பெயின்ட் வாளி, அடியில் நான்கு ஓட்டை. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் எழுதவில்லை.

எனக்குப் பகல் ஷிப்ட், அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் கிளம்பும் முன் ஒரு செம்பு ஊற்றுவேன். பால்கனி வெயிலில் மேல் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். இலைகள் மஞ்சளானதும் இரண்டு செம்பாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்று சாய்ந்தது. எடுத்துப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது.

"தெனம் காலைல ஊத்தினேனே, எப்படிங்க போச்சு?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நீ ஊத்தினியா? நீ அதுகிட்டயே போறதில்லன்னு நெனச்சிகினு, தெனம் மத்தியானம் எழுந்ததும் நானும் ஊத்தினேன். லூசு மாதிரி அதுங்கூட பேசிகினு வேற இருந்தேன்."

"இன்னா பேசுனீங்க?"

அழுகிய வேரைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அன்றுதான் முதன்முறையாக இருவரும் சேர்ந்து அழுதோம்.

இப்போது வெண்டை வைத்திருக்கிறோம். மண்ணில் விரலை விட்டு, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுகிறேன். ஊற்றியதும் அவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன். அழுகை வந்த நாளில் அதையும் சொல்கிறேன்.